ராஜபாளையம் வழி லடாக்

ரயில் ராஜபாளையத்தில் இரண்டே நிமிடம்தான் நிற்கும் என்று எதிர் இருக்கைக்காரர் என்னை எச்சரித்துக்கொண்டே வந்தார். என்னிடம் இருந்த அட்டைப் பெட்டி ஒரு கதவு அளவு.

"டிவியாம்மா?"

"சைக்கிள்."

"ராஜபாளையத்துலயே சைக்கிள் கிடைக்குமே" என்றார் அக்கறையாக.

அவரும், வாயில் பிரஷ்ஷோடு முகம் கழுவ வந்த இன்னொருவருமாகப் பெட்டியை நடைமேடையில் இறக்கினார்கள். வண்டி நகர்ந்த பிறகும் பிரஷ்காரர் கையசைத்தார். வெளியே ஆட்டோக்காரர் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். "இது ஆட்டோவுல ஏறாதும்மா. வேணும்னா ஆட்டோவ இதுக்குள்ள ஏத்தலாம்." கடைசியில் பெட்டியைக் கூரையில் கட்டினோம். ஒரு கயிற்றை நானும் இன்னொரு கயிற்றை அவரும் ஆளுக்கொரு பக்கம் கையால் பிடித்துக்கொண்டு போனோம். அவர் மற்றக் கையால் ஓட்டினார்.

ஸ்டேஷனை விட்டுத் திரும்பியதும் மேற்கே பார்த்தேன். மலை எங்கோ தொலைவில் இல்லை. ஊர் முடிகிற இடத்தில் சுவர் எழுப்பியது போல நின்றது. தலையில் மேகம், மடிப்பு மடிப்பாகக் கரும்பச்சை. "சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு சரியாக ஒரு நாள் தாங்கியது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். வயது நாற்பத்தொன்பது. மருத்துவமனைகளுக்குக் காயம் கட்டும் துணி வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் தரம் பார்ப்பது என் வேலை. சைக்கிள் என் நோய். நான்கு வருடங்களுக்கு முன் முழங்கால் வலிக்காக ஓட்ட ஆரம்பித்தேன். வலி போய்விட்டது, சைக்கிள் போகவில்லை. உடன் வேலை பார்க்கும் லின்னும் அவள் தங்கை மெய்யும் இதே நோயாளிகள். லடாக்கில் பதினேழாயிரம் அடிக்கு மேலே ஒரு கணவாய் வரை ஏறும் பந்தயத்துக்கு லின் எங்கள் மூவர் பெயரையும் கொடுத்துவிட்டாள். மூன்று பேரும் உச்சியைத் தொட்டால்தான் அணி கணக்கில் வரும். லின் இதற்காக இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தவள். மெய் அவளைவிட வேகம். அணியின் மூன்றாவது கால் நான். வலியுள்ள கால்.

சிங்கப்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கினால் அதன் உச்சியைத் தாண்டிவிடும். அதனால் நான் ஏற்றம் பழகியது எங்கள் குடியிருப்பின் ஆறு மாடிக் கார் நிறுத்தத்தில். காவலர் என்னை அங்கிருந்து விரட்டிய வாரத்தில்தான் மேலதிகாரி, "துணி பார்க்கக் கோயம்புத்தூர் போகிறாயா, ராஜபாளையம் போகிறாயா?" என்று கேட்டார். கைபேசியில் வரைபடத்தைத் திறந்தேன். ராஜபாளையத்தை ஒட்டி அடர்ந்த பச்சையில் மலை தெரிந்தது. பதினாறு நாள் வேலை, அப்படியே வடக்கே பறந்து லடாக். வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலை, நான் துணி பார்க்க வந்த ஆலையின் விருந்தினர் அறையில் சைக்கிளின் பாகங்களைப் பூட்டி முடித்து, ஹெல்மெட்டோடு எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனேன். "மலைக்கு எந்த ரோடுண்ணே?" என்று கேட்டேன்.

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார். "எந்த மலைக்கு?"

"இதோ, இந்த மலைக்கு."

"அதுக்கு ரோடு ஏதும்மா?"

பெஞ்சில் இருந்தவர்கள் உதவிக்கு வந்தார்கள். ஒருவர், அய்யனார் கோயில் வரை ரோடு உண்டு, அதற்கப்புறம் காடு என்றார். இன்னொருவர், செண்பகத்தோப்பு வரை போகலாம், அதற்கப்புறம் யானை என்றார். மூன்றாமவர், செங்கோட்டைப் பக்கம் போனால் மலைமேல் போகிற ரோடு உண்டு, "பஸ்ல ஒன்றரை மணி நேரம்" என்றார். நான் நம்பாமல் அய்யனார் கோயில் சாலையில் போய்ப் பார்த்தேன். மாந்தோப்பும் தென்னந்தோப்புமாக அருமையான சாலை. மலை நெருங்க நெருங்கக் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஏற்றம் தொடங்க வேண்டிய இடத்தில், மிகச் சரியாக அந்த இடத்தில், வனத்துறையின் தடுப்புக் கம்பு.

"மேல போகணும்" என்றேன்.

காவலர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேல அணில் இருக்கு, யானை இருக்கு, புலி இருக்கு. சைக்கிள் இல்ல."

அப்படியாக, கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மலை இருந்தும், ஏறுவதற்கு ஓர் அடி ஏற்றம் இல்லாத ஊரில் பதினாறு நாட்கள்.

மூன்றாம் நாள் ரயில்வே மேம்பாலத்தைக் கண்டுபிடித்தேன். ஊரிலேயே உயரமான தார்ச்சாலை அதுதான். காலையில் போக்குவரத்து கூடுவதற்கு முன் ஏறினேன், இறங்கினேன், திரும்பி ஏறினேன். பன்னிரண்டாவது தடவை பாலத்தின் அடியில் நின்றிருந்த பெண் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எதையாவது தொலைச்சிட்டீங்களாம்மா?"

"இல்லைங்க, பயிற்சி."

"எதுக்கு?"

"மலை ஏற."

அவர் மெதுவாகத் திரும்பி மேற்கே மலையைப் பார்த்தார். பிறகு பாலத்தைப் பார்த்தார். "சரி, போங்க. லாரி வந்தா ஓரம் ஒதுங்கிக்கோங்க" என்றார். மறுநாளிலிருந்து நான் இறங்கி வரும்போதெல்லாம் விரலை நீட்டி எண்ணிக்கை சொன்னார். முப்பத்தேழாவதை அவர் முப்பத்தாறு என்று சொன்ன அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆலையின் வாசலில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் மாரியப்பன். நாற்பத்திரண்டு வயது, முறுக்கு மீசை, ராணுவத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு மூன்று வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்தவர். சொந்த ஊர் கூமாப்பட்டி. லடாக் பனியில் எல்லை காத்தவர் என்று டீக்கடையில் அவருக்குத் தனி மரியாதை. அவர் வந்தால் பெஞ்சில் இடம் தானாக உண்டாகும். அங்கே அவர் பனிக்கரடியை நேருக்கு நேர் பார்த்த கதையை டீ மாஸ்டர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். நான் எங்கே பந்தயத்துக்குப் போகிறேன் என்று கேட்டவர், பதிலைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"லடாக்கா? யாரு மேடம் உங்கள அங்க போகச் சொன்னா?"

"யாரும் சொல்லவில்லை. நானேதான்."

"எங்கள கவர்ன்மென்ட் சொல்லிச்சு, போனோம். நீங்க எதுக்கு போறீங்க?"

நான் ஹெல்மெட் வாரைச் சரிசெய்தேன். "டாக்டர் சர்டிபிகேட் கேட்பாங்களே, வாங்கிட்டீங்களா?" என்றார். அது பாக்கி இருந்தது. பத்து நாளுக்குள் அனுப்பாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஆலையின் மேலாளர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா பெயரைச் சொன்னார். "கையெழுத்துதானே, அஞ்சு நிமிஷம்" என்றார்.

நான்காம் நாள் சைக்கிளிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அந்தச் சாலையில் பஸ்கள் ஹாரன் அடிப்பது எச்சரிக்கைக்காக அல்ல, பேச்சுத் துணைக்கு. பின்னால் வந்த ஒரு பஸ், ஒரு கிலோமீட்டர் தூரம் என்னோடு உரையாடிவிட்டுத்தான் முந்தியது. ஊருக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் பால்கோவாக் கடைகள். ஒரு கடைக்காரர் சூடாக இலையில் வைத்து, "சும்மா வாயில போட்டுப் பாருங்க" என்றார். சும்மா போட்டுப் பார்த்தேன். பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதற்குமேல் காபி, அதற்குமேல் இன்னொரு காபி.

டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். மறு கையில் சுற்றி அழுத்தினார்.

"நூத்தி அறுபதுக்கு நூறு. எங்க போறதா சொன்னீங்க?"

"லடாக்."

"இந்த பிரஷரோட நீங்க மதுரைக்குப் போறதா இருந்தாலே நான் யோசிப்பேன்."

நான் பால்கோவாவைச் சொன்னேன். காபியைச் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். ஊறுகாய், அப்பளம், காபி எல்லாம் நிறுத்த வேண்டும். ஏழு நாள் காலையும் மாலையும் அளவெடுத்து எழுதிக்கொண்டு வர வேண்டும். "அதப் பாத்துட்டுத்தான் கையெழுத்து. அதுவும் போடலாம், போடாமலும் இருக்கலாம்."

திரும்பும் வழியில் டயர் பஞ்சர். மாற்று டியூப் அறையில் பத்திரமாக இருந்தது. கை காட்டியதும் ஒரு டவுன் பஸ் நின்றது. முன்சக்கரத்தைக் கழற்றினால் ஏற்றிக்கொள்ளலாம் என்றார் நடத்துநர். சக்கரமில்லாத சைக்கிள் பின்படியருகில் நின்றது. சக்கரத்தை, பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் தன் மடியில் வாங்கிக்கொண்டார். நான் நடந்ததைச் சொன்னதும், "பிரஷரா? எம்புட்டு?" என்று கேட்டார். சொன்னேன். "எனக்கு நூத்தி எழுவது. நானும் பூ விக்கத்தான் செய்யுதேன்" என்று சக்கரத்தைத் தட்டிக் கொடுத்தார். பஸ் முழுக்க அவரவர் அளவைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நடத்துநருடையதுதான் இருப்பதிலேயே அதிகம்.

ஐந்தாம் நாள் காலை ஆலையில் ஒரு சண்டை. வந்திருந்த துணியில் அங்குலத்துக்கு இருக்க வேண்டிய இழை இல்லை. ஒரு லாட்டையே, அந்தத் தொகுதித் துணி முழுவதையும், வேண்டாமென்று தள்ளினேன். மேலாளர், "கண்ணுக்கே தெரியாத கொறைக்காக லாட்டத் தள்ளுதீங்களே மேடம்" என்று வருத்தப்பட்டார். துணி மடிக்கும் பிரிவில் பத்துப் பதினைந்து பெண்கள் தலை நிமிராமல் இருந்தார்கள். மனது கேட்காமல் மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சோழபுரம் பக்கம் போனேன்.

தென்னந்தோப்பு வாசலில் ஒரு நாய் நின்றது. வெள்ளை வெளேரென்று, மூக்கு இளஞ்சிவப்பாக, நீண்ட கால்களோடு, படம் வரைந்தது போல. இந்த ஊர் நாயின் புகழை நான் சிங்கப்பூரிலேயே படித்திருக்கிறேன். படித்ததில் அதன் வேகத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள்.

"பயப்படாதீங்கம்மா! அது கடிக்காது! ஓட மட்டும்தான் செய்யும்!" என்று தோப்புக்காரர் பின்னாலிருந்து கத்தினார்.

என் வாழ்நாளிலேயே அதிகமான வேகத்தை அன்றுதான் தொட்டேன். வளைவில் மணல். முழங்கால் தேய்ந்து ரத்தம் கொட்ட, சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். நாய் இரண்டடி தள்ளி நின்று, விளையாட்டு இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்பது போலப் பார்த்தது. தோப்புக்காரர் ஓடி வந்து, மன்னிப்புக்கு ஒரு பை நிறையச் சப்பட்டை மாம்பழம் கொடுத்தார். பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு நொண்டியபடியே ஆலைக்கு வந்தேன்.

மடிப்புப் பிரிவில் முதலுதவி கற்றவர் முத்துலட்சுமி. என் வயதுதான் இருக்கும். காயத்தைக் கழுவினார். பக்கத்து மேசையிலிருந்து துணியை எடுத்து, ஒரே சீராக, அழகாகச் சுற்றினார். நல்ல கை. முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இது காலையில நீங்க வேண்டாம்னு தள்ளுன துணி மேடம். ரத்தம் நிக்குதா பாருங்க."

நின்றிருந்தது. அந்தப் பிரிவு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். லாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதை முத்துலட்சுமியும் எதிர்பார்க்கவில்லை. "ஒங்க வேல அது, எங்க வேல இது" என்றார்.

அன்றிலிருந்து என் அளவெடுக்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று. முதலுதவி அறையின் கருவியைக் கொண்டுவந்து, காலையும் மாலையும் பட்டையைச் சுற்றி, வந்த எண்ணைத் தறிச் சத்தத்தையும் மீறி உரக்கச் சொல்வார். அளவெடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். "நீங்க துணியத் தள்ளுற அன்னைக்கெல்லாம் கூடுது. பாஸ் பண்ணுற அன்னைக்கு கொறையுது." மேலாளருக்கு இந்த ஆராய்ச்சி மிகவும் பிடித்திருந்தது. எனக்காகக் கடைசி லாட்டுகளை அவரே ஒருமுறை சோதித்துவிட்டு அனுப்ப ஆரம்பித்தார். இழை சரியாக வந்தது, அளவும் இறங்கியது.

சாப்பாடுதான் சங்கடம். ஒருநாள் மேலாளர் வீட்டில் மதிய விருந்து. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவர் மனைவி, "இங்கொஞ்சம் வேஸ்கோண்டி, கொஞ்சமாத்தான் வேஸ்கோண்டி" என்று இலையை நிரப்பிக்கொண்டே இருந்தார். ஆவக்காய் ஊறுகாயின் சிவப்பு எண்ணெய் இலையில் என்னை நோக்கி ஓடி வந்தது. சோற்றால் அணை கட்டித் தடுத்தேன். "ஊறுகா தொடலியே, பிடிக்கலியா?" என்று அவர் முகம் வாடியதும் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. "அய்யோ, அப்ப உப்பே வேண்டாம்" என்று உள்ளே போய், எனக்கென்று தனியாக உப்பில்லாத பருப்பு கொண்டுவந்தார். அதற்குப் பதில் ஊறுகாயைத் தொட்டுவிட்டே செத்திருக்கலாம்.

ஏற்றத்துக்கு வழி சொன்னது மாரியப்பன்தான். "மலைக்குப் போக முடியலேன்னா என்ன மேடம், மலைக்காத்து வருதுல்லா?" என்றார். ஆனி மாதம். மலையிலிருந்து கீழிறங்கும் மேல்காற்று, மதியத்துக்குமேல் ஆளைத் தள்ளும். அந்தக் காற்றுக்கு எதிராக அய்யனார் கோயில் சாலையில் ஓட்டினால், சமதரையும் ஏற்றம்தான். வேலை முடிந்து தினமும் ஓட்டினேன். மாரியப்பன் மொபெட்டில் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்தார். நான் வேகம் எடுத்தால் ஹாரன் அடிப்பார். "மெதுவா! இன்னும் மெதுவா!" எதிரே வந்தவர்களெல்லாம், ஓடிப் போகிற பெண்ணை அவர் துரத்தி வருவதாக நினைத்து நின்று பார்த்தார்கள்.

பத்தாம் நாள் ஞாயிறு. அமாவாசையை ஒட்டிச் சதுரகிரி மலைக்கு நடந்து போக அனுமதித்திருந்தார்கள். "சைக்கிள் இல்லேன்னாலும் கால் இருக்குல்லா" என்று மாரியப்பன் சொல்ல, வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குப் போனோம். அதற்குள் நான் அவருக்கு மேடத்திலிருந்து அக்கா ஆகியிருந்தேன்.

நான்கு வருடம் சைக்கிள் ஓட்டிய கால் எனக்கு. முதல் அரை மணி நேரம் எல்லாரையும் முந்தினேன். தலையில் மூட்டையோடு போன பெண்களை, கைக்குழந்தையோடு போனவர்களை, வெறுங்காலில் பாட்டுப் பாடிக்கொண்டு போன ஒரு கூட்டத்தை. பாறை செங்குத்தானதும் நான் உட்கார்ந்தேன். அவர்கள் எல்லாரும், முந்திய அதே வரிசையில், பாட்டையும் விடாமல் என்னைத் தாண்டிப் போனார்கள்.

மாரியப்பன் நிதானமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சே வாங்கவில்லை. "அக்கா, ஒண்ணு சொல்லுதேன். டீக்கடையில சொல்லிராதீக" என்றார்.

"சொல்லுங்க."

"லடாக்ல எல்லை காத்தேன்னு சொல்லுதாவள்லா, நான் அங்க இருந்தது மூணே நாளு. போன ஒடன ஒரு வாரம் சும்மா இருக்கணும்னு சொன்னாவ. இருபத்தோரு வயசு. நான் கேக்கல. ரெண்டாம் நாளே ஒருத்தன் மூட்டையச் சேத்து தூக்கிட்டு ஏறுனேன், நம்ம ஊர்க்காரன் எப்படின்னு காட்டணும்னு. மூணாம் நாளு நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டு. மூச்சு விட்டா கொழகொழன்னு சத்தம் கேக்கு. நாலு பேரு என்ன ஸ்ட்ரெச்சர்ல போட்டு கீழ எறக்குனாவ. பொறவு மேல அனுப்பவே இல்ல. ஸ்டோர்ல கணக்கெழுதிட்டே சர்வீஸ முடிச்சேன்."

தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினேன். பாட்டுக் கூட்டம் மேலே எங்கோ போய்விட்டிருந்தது.

"என்னத் தூக்குனதுல ஒருத்தனுக்கு அன்னைக்கு ராத்திரியே ஒடம்பு முடியாம போச்சு. பொழச்சிட்டான். ஆனா என்னாலதான அக்கா?" மீசையைத் துடைத்துக்கொண்டார். "தல வலிச்சா, வாந்தி வந்தா, எறங்கிருங்க. யாரு என்ன சொன்னாலும் சரி. தூக்கிட்டு வாரவிய பாவம்."

அதன்பின் அவர் வேகத்தில் ஏறினோம். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெறுங்கால்காரர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்து, "வந்துட்டீயளா? ஒக்காருங்க, செத்த நேரத்துல அடுத்த பந்தி" என்றாள்.

பன்னிரண்டாம் நாள், முத்துலட்சுமி எழுதிய தாளோடு மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர். இம்முறை பஸ்ஸில் போனேன். பால்கோவாக் கடைகளைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டரம்மா தாளைப் படித்தார். ஓரத்தில் முத்துலட்சுமி எழுதியிருந்த குறிப்பையும் படித்தார்: 'லாட் தள்ளிய நாள்', 'நாய்', 'மேலாளர் வீட்டு விருந்து'. முதன்முறையாகச் சிரித்தார். பட்டையைச் சுற்றினார். நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு.

"மேல போயி தலை வலிச்சா என்ன செய்வீங்க?"

"இறங்கிடுவேன்."

"உங்க கூட வர்ற ரெண்டு பேரும் ஏறச் சொன்னா?"

லின்னின் முகம் நினைவுக்கு வந்தது. பதில் சொல்ல நேரமாயிற்று. "இறங்கிடுவேன்" என்றேன்.

"யோசிச்சுச் சொன்னதால போடுறேன்" என்று கையெழுத்துப் போட்டார். "ஒடனே சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

கிளம்பும் நாள் மேம்பாலத்தடியில் பெண் காவலரிடம் விடைபெற்றேன். "மொத்தம் எவ்வளவு ஆச்சும்மா?" என்று கேட்டார். நான் கணக்கு வைக்கவில்லை. "நான் வச்சிருந்தேன், ஆனா நடுவுல லீவு எடுத்துட்டேன்" என்று வருத்தப்பட்டார். முத்துலட்சுமி ஒரு சுருள் துணியைப் பையில் திணித்தார். "இது பாஸான துணி" என்றார்.

லடாக்கில் ஒரு வாரம் நாங்கள் மூவரும் சும்மா இருந்தோம். சும்மா இருப்பதைப் போலக் கடினமான பயிற்சி வேறில்லை. மெய் ஜன்னல் வழியாக மலைகளைப் பார்த்துக் கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பந்தயத்தன்று வானம் கண் கூசும் நீலம். சாலை இருந்தது. மலையின் அடியிலிருந்து உச்சி வரை தார் போட்ட, வளைந்து வளைந்து போகும் சாலை, தடுப்புக் கம்பு இல்லாமல். முதல் வளைவிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மெதுவாகப் போனேன். லின்னும் மெய்யும் முன்னால் போனார்கள். பாதிக்கு மேல் வந்ததும் நெற்றிக்குள் யாரோ தறி ஓட்டுவது போல வலி. ஒருமுறை நின்று வாந்தி எடுத்தேன். கொஞ்சம் சரியானது போல இருந்தது; ஏறினேன். இன்னொரு முறை. உச்சிக்கு நான்கு கிலோமீட்டர் என்று பலகை தெரிந்தபோது, என் கண்ணுக்கு ஒரே சாலை இரண்டாகத் தெரிந்தது. இரண்டுமே ஏற்றம். எதில் போவது என்று நான் உண்மையிலேயே யோசித்தேன். யோசித்ததும் பயந்துவிட்டேன். சைக்கிளைத் திருப்பினேன்.

இறங்கும்போது அழுதேன் என்பதை எழுதத்தான் வேண்டும். பின்னால் வந்த மருத்துவ வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். லின்னும் மெய்யும் உச்சியைத் தொட்டார்கள். அணி கணக்கில் வரவில்லை. லின் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு தன் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டாள். "கை சில்லென்று இருக்கிறது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் காலை தலைவலி போயிருந்தது. மாரியப்பனைக் கூப்பிட்டேன். டீக்கடையில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், பாய்லர் சத்தம்கூடக் கேட்டது.

"அக்கா! தொட்டுட்டீகளா?"

"இல்லை மாரியப்பன். நாலு கிலோமீட்டர் இருக்கும்போது இறங்கிட்டேன்."

டீ மாஸ்டர்தான் முதலில் பேசினார். "அட, அம்புட்டு தூரம் போயிட்டு வெறும் நாலு கிலோமீட்டரா? நம்ம மாரியப்பனா இருந்தா ஒரே மூச்சுல ஏறிருப்பான்."

"ஆமாண்ணே, அவன் பனியிலயே கெடந்தவன்" என்றது இன்னொரு குரல்.

"ஏலே, சும்மா இருங்க." மாரியப்பனின் குரல் உயர்ந்தது. பிறகு இறங்கியது. "நான் ஏறல. நான் அங்க இருந்ததே மூணு நாளுதான். மூணாம் நாளு என்ன நாலு பேரு தூக்கிட்டு வந்தாவ. அவிய பொம்பளையா ஒத்தையில நின்னு யோசிச்சு, தானா எறங்கி வந்திருக்காவ."

பாய்லர் மட்டும் உஸ்ஸென்றது. நான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்பம் அந்தப் பனிக்கரடி?" என்றார் டீ மாஸ்டர், மெதுவாக.

"அது ஸ்டோர்ல ஒரு பஞ்சாபிக்காரன் சொன்னதுண்ணே."

பெஞ்சு முழுவதும் வெடித்துச் சிரித்தது. அதில் மாரியப்பனின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. டீ மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "மூணு வருஷமா எம்புட்டு பேருக்கு நான் அதச் சொல்லியிருக்கேன் தெரியுமாலே?" என்று அங்கலாய்த்தார்.

"ஒரு டீயப் போடுண்ணே. நடந்தத நடந்த மாதிரி சொல்லுதேன்" என்றார் மாரியப்பன்.

யாரோ நகர்ந்து பெஞ்சில் இடம் விட்ட சத்தம் கேட்டது. நான் தொடர்பைத் துண்டிக்கவில்லை. துண்டிக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னைக்கு நான் அவசரப்பட்டேன்" என்று ஆரம்பித்தார்.